நாக்கு குத்திய பின் வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நாக்கில் கம்பி (இரு முனையிலும் சிறு உருண்டையான குண்டு உள்ள நகை) போட்ட இடம் தொல்லை கொடுத்தால் முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். குத்திய மூன்றாம் நாள் நாக்கு தடித்துப் பேச்சு குழறினால் அது இயல்பு. வீக்கம் வற்றி, சாப்பாடெல்லாம் பழகிய பிறகு பன்னிரண்டாம் நாள் புதிதாகத் தடித்தால் அது பெரும்பாலும் கிருமி. அடுத்து கம்பியின் நீளத்தைப் பாருங்கள். நாக்குக்குப் பொருந்தாத நீளத்தில் கம்பி கிடப்பதால் வரும் கோளாறு எந்த மருந்துக்கும் அடங்காது, கம்பியை மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் பார்க்காமல் மஞ்சள், சுண்ணாம்பு, மவுத்வாஷ் என்று வாய்க்குள் கொட்டுவதால்தான் ஆற வேண்டிய புண் ஆறாமல் கிடக்கிறது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

கீழே உள்ள நான்கில் எது வந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

முதலாவது, மூச்சுப்பாதைக்கு ஆபத்தைக் காட்டும் அறிகுறிகள்: மூச்சு விடச் சிரமம். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது. தாடைக்கு அடியில் கழுத்து பலகைபோல் கெட்டிப்படுவது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு குரல் மாறுவது. நாக்குக்கு அடியில் உள்ள இடத்தில் தொற்று பரவுகிறது என்று பொருள். சில மணி நேரத்திலேயே மூச்சுப்பாதையை அடைத்துவிடக்கூடியது இது. காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ 'பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்' என்று சொந்தக் காரில் மதுரைக்குப் புறப்பட வேண்டாம். 108ஐ அழையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் மூச்சுக்கு வழி செய்த பிறகு, தேவையென்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

இரண்டாவது, சுத்தமான காஸ் துணியால் 20 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம். மூன்றாவது, 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சலும் குளிர் நடுக்கமும். இது குத்திச் சில வாரம் கழித்து வந்தாலும் நாக்கு குத்தியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்காரலாம். நான்காவது, குண்டு கழன்று உள்ளே போன கையோடு விடாத இருமலும் மூச்சிழுப்பும்.

தொல்லை தொடங்கும் இடம்: குத்துகிற நேரம்

பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாக்கின் நடுக்கோட்டில் இழைத்திசுத் தடுப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ரத்தக்குழாய் குறைவு. இரண்டு பக்கமும் தமனி, நரம்பு, நாக்கைத் தூக்கினால் நீலமாகத் தெரியும் சிரைகள். ஆகவே குத்த வேண்டிய இடம் நடுக்கோடு. நுனியிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. உள்ளே, அடியில், நாக்கைத் தாடையோடு கட்டியிருக்கும் சவ்வுக்கு முன்னால். மேல் குண்டு சற்றே பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அண்ணத்தின் குழிவில் அதற்கு இடம் உண்டு. நாக்கைத் தூக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து, சிரை ஓடும் வழியைப் பார்த்துப் பேனாவால் புள்ளி வைக்காதவரிடம் நாக்கை நீட்டாதீர்கள். நாக்கு வெளியே நீள முடியாதபடி அடிச்சவ்வு குட்டையாக இருப்பவர்களுக்கு இது சரிவராது.

ஊசி 14 கேஜ், அதாவது 1.6 மி.மீ.; உள்ளே துளையுள்ளது, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது; உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். இடுக்கியும் கம்பியும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வெந்தவையாக இருக்க வேண்டும். உறையில் உள்ள அடையாளப் பட்டை நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முறையாகச் செய்பவர் கோபிக்க மாட்டார். ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது கிருமிநீக்கம் ஆகாது. காது குத்தும் துப்பாக்கியை நாக்கில் வைக்கவே கூடாது.

முதல் கம்பி 20 முதல் 22 மி.மீ. நீளம் இருக்கட்டும். வீக்கத்துக்கு 5, 6 மி.மீ. இடம் விட்டால்தான் நாக்கு குண்டை விழுங்காது. உலோகம், உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டானியம், ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று குறிப்பிட்டது. மரை கம்பியின் உட்புறம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிப்புற மரை உள்ளே நுழையும்போது புண்ணைச் சுரண்டிக்கொண்டே போகும்.

தங்கம் பற்றி நம் பக்கத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டுக்குத் திருகாணி செய்து தரும் ஆசாரியிடமே 916 தங்கத்தில் நாக்குக் கம்பியும் செய்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். 22 காரட் வாய்க்கு ஆகாது. அது இளகல், பல்லில் பட்டுப் பட்டுக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும், மரை தேய்ந்து குண்டு கழலும். தங்கம்தான் வேண்டுமென்றால் முழுதாக ஆறிய பிறகு 14 அல்லது 18 காரட்டில், நிக்கல் கலக்காமல், அதற்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள்.

18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பிணிகள், இதய வால்வுக் கோளாறோ பிறவி இதயக் குறையோ உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் குத்திக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டிவிட்டதா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாக்கைப் பிளக்கிறேன் என்று யாராவது சொன்னால் அது குத்துவதோடு சேர்ந்த வேலை அல்ல, அறுவைச் சிகிச்சை. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடையொன்றில் அதைச் செய்ததற்கு இருவர் கைதானார்கள்.

'ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது'

முதல் இரண்டு மூன்று நாள் எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வந்தால் பயமில்லை. சொட்டினால் உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, காஸ் துணியை நாக்கின் மேலும் கீழும் வைத்து விரலால் 15 நிமிடம் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி தொடங்கும். சூடான காபி, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, அடிக்கடி காறித் துப்புவது மூன்றும் ரத்தத்தைத் திரும்ப வரவழைக்கும். வலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தால் நிறுத்துங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தால் நீங்களே நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள். வாய் முழுக்க நிறையும்படி, சிவப்பு மாறாமல், துடிப்போடு வந்தால் ஊசி நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கலாம். அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

'நாக்கு வீங்கிக் கம்பியை இறுக்குகிறது'

வீக்கம் சில மணி நேரத்தில் தொடங்கும், மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஏழு முதல் பத்து நாளில் வடியும். அதுவரை சிறு ஐஸ் துண்டுகளை வாயில் போட்டுக் கரைய விடுங்கள்; கடிக்காதீர்கள். சுத்தமான கேன் தண்ணீரிலோ காய்ச்சி ஆறிய நீரிலோ உறைய வைத்த ஐஸ் மட்டும். கடைத் தெருவில் பாளம் உடைத்து விற்பது வேண்டாம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலையில் வீக்கம் குறைவாக இருக்கும்.

பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரூஃபன் 400 மி.கி. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். ஊரில் டெங்கு நடமாடும் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் பாரசிட்டமால் மட்டும்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். மேல் குண்டுக்கும் நாக்குக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிந்தால் பொறுத்திருக்கலாம். குண்டு நாக்கில் அமுங்கி, சுற்றிலும் தோல் எழும்பி அதை மூடப் பார்த்தால் அன்றைக்கே குத்தியவரிடம் போய் நீளக் கம்பி மாற்றுங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் தோல் மூடி, மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

'சாப்பிடவே முடியவில்லை'

செட்டிநாட்டுச் சமையலுக்கும் புதிதாகக் குத்திய நாக்குக்கும் முதல் இரண்டு வாரம் ஒத்துவராது. மிளகும் வரமிளகாயும் புண்ணைக் கெடுப்பதில்லை, ஆனால் எரிச்சலில் நாக்கு மேலும் தடிக்கும். பெப்பர் சிக்கன், நண்டு ரசம், புளிப்பும் காரமுமான மண்டி எல்லாம் காத்திருக்கட்டும்.

முதல் நான்கு நாளைக்கு ஆறிய நொய்க்கஞ்சி, இளநீர், உப்புக் குறைத்த நீர்மோர், பாலில் நன்றாக ஊறிய இடியாப்பம், தளர்வாகக் கிண்டிய கும்மாயம். கவுனி அரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பூ போடாமல் சாப்பிடலாம். தேங்காய்ச் சக்கை குண்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். கரண்டியை நாக்கின் நடுவில் வைக்காமல் நேரே கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துங்கள். நாக்கால் உணவைப் புரட்டும் வேலை அப்போதுதான் குறையும்.

முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை இவற்றை முதல் கம்பி இருக்கும்வரை கையில் எடுக்காதீர்கள். நீளக் கம்பியின் குண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே எளிதாக வந்துவிடும். சீடை உடைகிறது என்று நினைத்து அழுத்திக் கடித்தால் உடைவது பல்லாக இருக்கும்.

விசேஷ வீட்டில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு நீட்டப்படும்போது எடுத்துக்கொண்டு பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பச்சைப் புண்ணை அரித்துவிடும், பாக்குத் துகள் துளைக்குள் தங்கும். புகையிலை, சிகரெட், மது ஆறும்வரை கூடாது. முத்தமும் வாய்வழி உறவும் அப்படியே.

'குத்திய இடத்தில் மஞ்சளாக வருகிறது'

வெள்ளையும் இளமஞ்சளும் கலந்த, நாற்றமில்லாத, கம்பியில் ஒட்டிக் காயும் கசிவு சீழ் அல்ல. புண் ஆறும்போது ஊறும் நீர் அது. முதல் சில வாரம் இருக்கும்.

கெட்டியாக, பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ, துர்நாற்றத்தோடு வந்து, தொட்டால் சூடும் துடிப்பும் இருந்தால் தொற்று. தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கலாம். இப்போது கை முதலில் போவது கம்பியைக் கழற்றத்தான். கழற்றாதீர்கள். நாக்கில் துளை மூடும் வேகம் அதிகம். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளே கட்டியாகும். கம்பி இருக்கும்வரை வடிய ஒரு வழி இருக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்பதைப் பல் மருத்துவரோ பொது மருத்துவரோ பார்த்துச் சொல்லட்டும். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் நான்கு மாத்திரை வாங்கிப் போடுவது கெட்ட பழக்கம். கிருமி பாதி செத்துப் பாதி பழகிவிடும்.

தொற்று வராமலிருக்கச் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. மெடிக்கலில் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்னும் ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். வீட்டிலேயே கலப்பதானால் காய்ச்சி ஆறிய 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பில் மண் இருக்கும், வேண்டாம். உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று இரண்டு மடங்கு போட்டால் புண் வறண்டு எரியும். ஆறும்வரை ஊருணியில் இறங்கிக் குளிக்காதீர்கள். கிணற்று நீரில் வாய் கொப்பளிக்காதீர்கள்.

'நாக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறது'

இரண்டு காரணம் இருக்கலாம். மவுத்வாஷை நாளுக்கு ஐந்தாறு முறை ஊற்றியிருந்தால் நாக்கு வெளுத்து, ருசி மந்தமாகி, குத்திய இடம் எரியும். ஆல்கஹால் கலந்ததை நிறுத்துங்கள், சலைனுக்கு மாறுங்கள், மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். மருத்துவர் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் எழுதித் தந்திருந்தால் சொன்ன நாளுக்கு மேல், பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல், தொடராதீர்கள். பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறும் திசுவையே அழிக்கும்.

இன்னொன்று பூஞ்சை. தயிர்த் திட்டு மாதிரி ஒட்டியிருக்கும், துடைத்தால் அடியில் சிவந்து தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆன்டிபயாடிக் முடித்தவர்களுக்கும் வரும். அதற்குத் தனி மருந்து உண்டு, கொப்பளிப்பதால் போகாது.

வெள்ளையைப் பார்த்ததும் நாக்கு வழிக்கும் தகட்டை எடுப்பது நமக்கு ஊறிய வழக்கம். அடியிலிருந்து இழுத்து வரும் தகடு குண்டில் மாட்டினால் கம்பி முழுதும் முன்னால் இழுபடும், ஆறிவந்த துளை கிழியும். ஆறு வாரத்துக்குத் தகடு வேண்டாம். புது பிரஷ், மென்மையான தும்பு. இரண்டாம் வாரத்திலிருந்து நாக்கின் இரு ஓரத்தையும் மெல்லத் தேயுங்கள். குண்டில் பாசி பிடித்தாற்போல் கரடுதட்டினால் அதே பிரஷால் குண்டையும் தேய்க்கலாம்.

'துளையைச் சுற்றிச் சதை வளர்கிறது'

சிவந்து, ஈரமாக, தொட்டால் ரத்தம் வரும் சிறு வளையம். வலி பெரிதாக இருக்காது. கம்பி அளவுக்கு மேல் நீளமாக இருந்து மேலும் கீழும் ஏறி இறங்குவதால் வருவது. வீக்கம் வடிந்ததும், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், 14 அல்லது 16 மி.மீ. கம்பிக்கு மாற்ற வேண்டும். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டதே என்று நினைப்பார்கள். சரியாகிவிட்டதால்தான் மாற்ற வேண்டும். முதல் மாற்றத்தைக் குத்தியவரே செய்யட்டும். குட்டைக் கம்பி போட்ட பிறகு குண்டு நாக்கில் லேசாகப் பள்ளம் பதித்து உட்காரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சதையைக் கிள்ளுவது, படிகாரம் வைப்பது இரண்டும் கூடாது.

'பல்லில் தட்டுகிறது, ஈறு இறங்குகிறது'

கம்பி போட்டு ஆண்டுகள் ஆன பிறகும் வரும் பெரிய சேதம் இது. இறங்கிய ஈறு தானாக ஏறாது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை மாதம் ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள். ஒரு பல் மட்டும் மற்றதைவிட நீண்டு தெரிந்தால் அங்கே ஈறு இறங்கத் தொடங்கிவிட்டது. காரணம் இரண்டு: நீளக் கம்பி, யோசிக்கும்போதெல்லாம் குண்டைப் பல்லுக்குப் பின்னால் தள்ளி விளையாடும் பழக்கம். அந்தப் பழக்கத்தால் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுவதும் உண்டு. கம்பியைக் குட்டையாக்குங்கள், அடிக்குண்டைத் தட்டையான வில்லையாக மாற்றுங்கள். அதன் பிறகும் ஈறு இறங்கினாலோ பல் முனை சிதறினாலோ கழற்றிவிடுவதே சரி. ஒரு நகைக்காகப் பல்லைக் கொடுக்கக் கூடாது.

'குண்டு கழன்றுவிட்டது, விழுங்கிவிட்டேனோ?'

இருமலும் மூச்சுத்திணறலும் இல்லையென்றால் பெரும்பாலும் வயிற்றுக்குத்தான் போயிருக்கும். சில நாளில் மலத்தோடு வந்துவிடும். பேதி மருந்து வேண்டாம். வயிற்றுவலி, வாந்தி, கறுத்த மலம் இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள். முழுக் கம்பியும் உள்ளே போயிருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். மிஞ்சிய கம்பி நழுவிவிடாமல் மாற்றுக்குண்டு போடும்வரை அதிகம் பேசாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாளுக்கு ஒருமுறை குண்டை நேராகப் பார்த்தபடி கடிகார முள் திசையில் திருகி இறுக்கம் பாருங்கள். அக்ரிலிக் குண்டு கடிபட்டால் பிளக்கும், தவிருங்கள்.

'கழற்ற வேண்டியிருக்கிறது, மூடிவிடுமா?'

முதல் சில மாதத்தில் சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும்; ஆண்டுக்கணக்கில் போட்டவர்களுக்கும் எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. மயக்க மருந்து கொடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கும் முன்பாகவே சொல்லிவிடுங்கள். உலோகம் இல்லாத தற்காலிகக் கம்பி போட்டுக்கொள்ள முடியும். மூடிப்போனதை வீட்டில் குத்தித் திறக்காதீர்கள்.

நாக்கு நுனி மரத்துப்போனதோ ருசி தெரியாததோ வீக்கம் வடிந்த பிறகும் மாறவில்லையென்றால் நரம்பு உரசப்பட்டிருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

அலகு குத்துபவர்களுக்கு

காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவிலும் குன்றக்குடி முருகன் சந்நிதியிலும் நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துவோர் நாக்கில் குத்திய வேலைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். வீக்கத்துக்கு இடம் விடும் கேள்வி அங்கே இல்லை. கவனிக்க வேண்டியது வேல் யாருடையது என்பது. ஒருவர் நாக்கிலிருந்து எடுத்ததை இன்னொருவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் பரவ வழியுண்டு. ஆளுக்கொரு வேல் வைத்துக்கொள்ளுங்கள். விரதம் தொடங்கும்போதே ஒரு கிளினிக்கில் கொடுத்து ஆட்டோகிளேவ் செய்து, உறையைப் பிரிக்காமல் கோயிலுக்கு எடுத்துப் போங்கள். 20 நிமிடம் கொதிக்க வைத்தால் பல கிருமிகள் சாகும், டெட்டனஸ் வித்துகள் சாகாது. திருநீற்றை நெற்றியில் இடுங்கள், புண்ணுக்குள் அடைக்க வேண்டாம். வேலை எடுத்த பின் காஸ் துணியால் அழுத்தி, நான்கைந்து நாள் சலைனால் கொப்பளித்தால் போதும்.

அந்தத் துளையிலேயே கம்பி போட்டு நிரந்தரமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வேலின் தடிமனும் குத்திய இடமும் கம்பிக்கு அளந்தவை அல்ல. முழுதாக ஆற விட்டு, குறைந்தது இரண்டு மாதம் கழித்து, தனியாக அளந்து குத்திக்கொள்ளுங்கள்.